தோரோவும் எங்கள் ஊர்த் தலைக்கட்டு வரியும்

“நீங்க இந்த ஊர்த் தலைக்கட்டா, இல்லையா?”

போன புரட்டாசியில் ஒரு நாள், காலை ஏழரை மணி. எக்ஸெல் வண்டியை அணைக்காமல், ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டே கேட்டார் அவர். காதில் பேனா, சட்டைப் பையில் ரசீதுப் புத்தகம். ஊரணிக்கு வருகிற வரத்துக்கால் தூர்ந்துபோய்க் கிடக்கிறது, மழைக்கு முன்னால் வெட்டிவிட வேண்டும், தலைக்கட்டுக்கு, அதாவது குடும்பத்துக்கு, ஐந்நூறு ரூபாய் என்று ஊர்க்கூட்டத்தில் பேசி முடித்திருக்கிறார்கள். என் பெயரை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்பதுதான் அவருடைய சிக்கல். ஊரில் இருக்கிறவன் என்றால் தலைக்கட்டு வரி. வெளியூருக்குப் போய்விட்ட ஊர்க்காரன் என்றால் நன்கொடை. அதற்கு வேறு புத்தகம், வேறு கலர் ரசீது.

“ரெண்டுல எதுன்னு சொல்லிட்டியன்னா எழுதிக்கிருவேன்.”

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. சென்னையில் இருபத்திரண்டு வருஷம் ஆடிட்டர் வேலை பார்த்துவிட்டு, போதும்டா சாமி என்று அப்பச்சி விட்டுப்போன இந்த மூன்றரை ஏக்கர் தோப்பில் ஒரு குடிசையைப் போட்டு உட்கார்ந்தவன் நான். எந்தப் புத்தகத்திலும் என் பெயர் வரக்கூடாது என்றுதான் வந்தேன். “நாளைக்குச் சொல்றேண்ணே” என்று அனுப்பிவிட்டேன். அப்புறம் அன்றைக்கு முழுக்க வேறு வேலை ஓடவில்லை. அந்த யோசனைதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். காபி போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

முதலில், என்னை இங்கே கொண்டுவந்து விட்ட ஆளைச் சொல்லிவிடுகிறேன். ஹென்றி டேவிட் தோரோ. அமெரிக்காவில் மாசாசூசெட்ஸ் பக்கம் கான்கார்ட் என்கிற சிற்றூர்க்காரர். அப்பாவுக்குப் பென்சில் செய்கிற தொழில். 1845 ஜூலை 4ஆம் தேதி ஊருக்கு வெளியே வால்டன் என்ற குளத்தின் கரையில், எழுத்தாளர் எமர்சனுக்குச் சொந்தமான இடத்தில், தானே கட்டிய பத்துக்குப் பதினைந்தடிக் குடிசையில் குடியேறினார். 1847 செப்டம்பர் 6 வரை இருந்தார். இரண்டு வருஷம், இரண்டு மாதம், இரண்டு நாள். 1854இல் அந்த அனுபவம் ‘வால்டன்’ என்று புத்தகமாக வந்தது.

எமர்சனைச் சுற்றியிருந்த அந்தக் கூட்டத்துக்கு ட்ரான்சென்டென்டலிஸ்டுகள் என்று பெயர். பெயர்தான் வாயில் நுழையாது, சரக்கு நமக்குப் பழகியதுதான். உள்ளே இருப்பதும் வெளியே மரத்திலும் மழையிலும் இருப்பதும் ஒன்று, அதைத் தெரிந்துகொள்ள நடுவில் பாதிரியார் வேண்டாம், ஊர் சொல்வதைக் கேட்டு ஆடவும் வேண்டாம், அவனவன் நேராகப் பார்த்துக்கொள்ளலாம் என்பது சாரம். 1836இல் எமர்சன் ‘இயற்கை’ என்று ஒரு சிறு நூல் போட்டார், அதிலிருந்து சூடு பிடித்தது. நம் சரக்கு கொஞ்சம் அங்கே போயும் இருந்தது. குளக்கரையில் தோரோ படித்த புத்தகங்களில் சார்லஸ் வில்கின்ஸ் ஆங்கிலத்தில் பெயர்த்த பகவத் கீதையும் ஒன்று.

ஆனால் என்னைப் பிடித்து இழுத்தது கீதை இல்லை, கணக்கு. ‘வால்டன்’ புத்தகத்தின் முதல் அத்தியாயமே வரவு செலவுதான். குடிசை கட்ட ஆன செலவு 28 டாலர் 12½ சென்ட். ஆயிரம் பழைய செங்கல் 4 டாலர், ஆணி 3 டாலர் 90 சென்ட், சாக்குக்கட்டி ஒரு சென்ட். சாக்குக்கட்டிக்குக்கூடத் தனி வரி போட்டிருக்கிறார்! இரண்டரை ஏக்கரில் பீன்ஸ் போட்டு, எல்லாம் போக நின்ற லாபம் 8 டாலர் 71½ சென்ட். உலகத்தை விட்டுப் போகிறேன் என்று கிளம்பியவன் அரைச் சென்ட்டை விடவில்லை. படித்த உடனே எனக்குத் தோன்றியது, ‘அட, இவன் நம்ம ஆளு.’

எங்கள் வீட்டில் எல்லாக் கதையும் கணக்கில்தான் முடியும். ஐயா (தாத்தா) பதிமூன்று வயதில் பர்மாவுக்குக் கொண்டுவிக்கப் (தொழில் பண்ணப்) போனவர். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாள் ஆகி, மேலாள் ஆகும் சமயத்தில் ரங்கூனில் குண்டு விழுந்தது. 1942இல் நடந்தே வந்து சேர்ந்த கூட்டத்தில் அவரும் ஒருவர். வந்தவர் கையில் வேட்டித் துணியில் கட்டிய ஒரு பேரேடு இருந்ததாம். “தங்கம் எடுத்தாருவாகன்னு பாத்தா நோட்டு எடுத்தாந்தாக” என்று அப்பத்தா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பேரேட்டை நான் பார்த்திருக்கிறேன். வரவேண்டிய பாக்கி எல்லாம் அழகான கையெழுத்தில் இருக்கிறது. ஒன்றும் வரவில்லை.

என் தொழிலிலேயே இன்னொருவர் உண்டு. ஜே.சி. குமரப்பா. 1892இல் தஞ்சாவூரில் பிறந்து, லண்டனில் கணக்குத் தணிக்கை படித்து, பம்பாயில் தொழில் நடத்தியவர். 1929இல் காந்தியைச் சந்தித்தார், கோட்டு சூட்டோடு பழைய வாழ்க்கையும் போயிற்று. மண்ணும் மரமும் தீராமல் இருக்க ஊர் எப்படிச் செலவழிக்க வேண்டும் என்று சிறையில் உட்கார்ந்து எழுதினார். கடைசிக் காலத்தை மதுரைக்குத் தெற்கே தே. கல்லுப்பட்டியில், காந்திநிகேதன் ஆசிரமத்தில் ஒரு சின்ன வீட்டில் கழித்தார். 1960 ஜனவரி 30, காந்தி போன அதே தேதியில் போனார். ஆடிட்டர் வேலையை விடுகிறவன் கெட்டுப்போவதில்லை என்று வீட்டில் வாதாட நான் இவரைத்தான் துணைக்குக் கூப்பிடுவேன். “அவுக கல்யாணம் பண்ணிக்கலை” என்று ஒரே வரியில் என் வீட்டுக்காரி முடித்துவிடுவாள். தோரோவும் பண்ணிக்கொள்ளவில்லை. எங்கள் நகரத்தார் (செட்டியார்) வழக்கப்படி கல்யாணம் ஆனால்தான் கோயிலில் ஒரு புள்ளி, அதாவது ஒரு குடும்பக் கணக்கு. அந்தக் கணக்கில் இரண்டு பேருமே இல்லை.

சரி, குடிசைக்கு வருவோம்.

தோரோ பலகைக்காக என்ன செய்தார் தெரியுமா? ஜேம்ஸ் காலின்ஸ் என்ற அயர்லாந்துக்காரர், ரயில் பாதை போட வந்த கூலி, ஒரு குடிசையில் இருந்தார். அதை 4 டாலர் 25 சென்ட்டுக்கு வாங்கி, பிரித்து, பலகையை வெயிலில் காயவைத்து எடுத்துக்கொண்டார். காலையில் அந்தக் குடும்பம் மூட்டை முடிச்சோடு தெருவில் எதிரே வருகிறது. இவர் பார்த்துக்கொண்டே போகிறார். புத்தகத்தில் எல்லோரும் குளத்தையும் பறவையையும் கொண்டாடுவார்கள். எனக்கு மனசில் தங்கியது அந்த மூட்டைதான்.

ஏனென்றால் நானும் அதையே செய்தேன். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனவர்களுக்குத் தெரியும். பிரித்த வீடுகளின் சாமான் எல்லாம் அங்கேதான் வந்து நிற்கும். தூண், நிலை, உத்தரம், ஜாடி, பீங்கான், ரவிவர்மா படம், யாரோ ஒரு ஐயாவின் போட்டோ. நான் கதவு வாங்கியது கடையில் இல்லை, பிரித்துக்கொண்டிருந்த வீட்டிலேயே. பங்காளிகளுக்குள் பேச்சு ஒத்துவரவில்லை, பதினோரு புள்ளி, வளவுக்கு (முற்றத்தைச் சுற்றிய பகுதிக்கு) மேலே ஓடு பூராவும் இறக்கியாகிவிட்டது. முகப்புக் கதவு லட்சுமி வைத்த கதவு, அது எப்போதோ விலை போய்விட்டது. எனக்கு இரண்டாங்கட்டில் அடுப்படிக் கதவு ஒன்று கிடைத்தது. வேலைப்பாடு கிடையாது. ஆனால் பர்மாத் தேக்கு.

தோப்புக்குக் கொண்டுவந்து, துடைக்கலாம் என்று திருப்பிப் போட்டபோதுதான் பார்த்தேன். உள்பக்கம், கை எட்டுகிற உயரத்தில், கரியால் கோடு கோடாகப் போட்டிருந்தது. நாலு கோடு, குறுக்கே ஒன்று. பால் கணக்கு. அல்லது வெளுக்கப் போட்ட துணிக் கணக்கு. சில இடத்தில் கோட்டின் மேல் ஈரக்கையால் அழித்த தடம், அந்த மாதத்துக்குக் காசு கொடுத்தாயிற்று என்று அர்த்தம். கடைசி வரிசை மட்டும் அழியாமல் இருந்தது. ஏழு கோடு. அந்த ஏழு நாள் காசை யார் யாருக்குக் கொடுக்க வேண்டியிருந்தது, கொடுத்தார்களா என்று யாருக்குத் தெரியும். நான் அந்தக் கதவுக்கு பாலிஷ் போடவில்லை. யாரையும் வேண்டாம் என்று வந்தவன் வீட்டு வாசலில் யாரோ ஒரு ஆச்சியின் பாக்கிக் கணக்கு தொங்குகிறது.

குடிசை மொத்தச் செலவு, கதவு உட்பட, ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரத்து நானூறு. அஸ்திவாரத்துக்குச் செம்பூரான் கல், மேலே பழைய நாட்டு ஓடு, தரைக்கு ஆத்தங்குடிக் கல் மிச்சம் கிடந்தது ஒரு சதுரம் (தோரோ பார்த்தால் திட்டுவார்). முதல் வருஷம் நிலக்கடலை போட்டேன். விதை, உழவு, கூலி பன்னிரண்டாயிரத்துச் சொச்சம். வரவு, மயிலுக்குத்தான். இந்தப் பக்கத்து மயிலைப் பார்க்காதவர்கள் முருகன் வாகனம் என்று கும்பிடுவார்கள். நான் பார்த்த மயில் விதைத்த மூன்றாம் நாளே வந்து, வரிசை பிசகாமல், நான் விதைத்த சாலிலேயே கொத்திக்கொண்டு போனது. விரட்டினால் பத்தடி தள்ளி நின்று பார்க்கும். ஆடிட்டர் மாதிரியே பார்க்கும்.

இனி, நான் வந்தபோது ஊரில் என்ன சொன்னார்கள் என்பது. எனக்கு நிஜமாகவே ஒரு கற்பனை இருந்தது. ‘பித்துப் பிடித்தவன்’ என்பார்கள், எதிர்ப்பார்கள், நான் சிரித்துக்கொண்டே நிற்பேன். நடந்தது வேறு. தொண்ணூறை நெருங்கும் எங்கள் பெரிய ஆயா, விஷயத்தை முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “அட, அம்புட்டுதானா? வேறு வச்சிருக்காகன்னு சொல்லு.”

இது செட்டிநாட்டுக்காரர்களுக்குத்தான் புரியும், அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். எங்கள் பக்கம் மகனுக்குக் கல்யாணம் ஆனால், கொஞ்ச நாளில் அந்தத் தம்பதியை ‘வேறு வைத்து’விடுவார்கள். தனிக்குடித்தனம் என்று மொழிபெயர்த்தால் தப்பு. வீட்டை விட்டு எங்கும் போவதில்லை. அதே வீடு, அதே வளவு. ஆனால் இரண்டாங்கட்டில் தனி அடுப்பு, தங்கள் பண்டம் பாத்திரம் வைக்க ஓர் அறை. வருஷத்துக்கு இவ்வளவு என்று அரிசி பருப்பும் பணமும் பெற்றவர்கள் அளந்து கொடுத்துவிடுவார்கள். அதற்குள் நீயே குடித்தனம் நடத்து, நீயே கணக்கு எழுது, மிச்சம் பிடித்தால் உனக்கு, பத்தாவிட்டால் உன் சமர்த்து. மாமியார் ஒரு அடுப்பில், மருமகள் பத்தடி தள்ளி இன்னொரு அடுப்பில். இரண்டு வீட்டுக் குழம்பு வாசனையும் ஒரே முற்றத்தில். விசேஷம் என்றால் எல்லாம் ஒன்று, அன்றாடம் என்றால் அவரவர்.

எமர்சன் தன் காலில் நிற்பதைப் பற்றித் தனியாகக் கட்டுரையே எழுதினார். எங்கள் வீட்டு மருமகள்கள் அதைப் பத்தொன்பது வயதில், கையில் ஒரு படி அரிசியோடு, மாமியாரின் கண்ணெதிரே செய்து காட்டினார்கள். இது பெருமை பேச்சு இல்லை. அந்த முற்றத்தில் எத்தனை பேர் வாயைத் துணியால் பொத்திக்கொண்டு அழுதிருப்பார்கள் என்றும் எனக்குத் தெரியும். ஆனால் பெரிய ஆயா சொன்னதில் ஒரு உண்மை இருந்தது. நான் புரட்சி என்று நினைத்ததை எங்கள் வீட்டில் ஏற்பாடு என்று வைத்திருந்தார்கள். விலகுவது என்றால் காணாமல் போவது இல்லை. கூப்பிட்டால் கேட்கிற தூரத்துக்குப் போவது.

தோரோவைக் கிண்டல் பண்ணுகிறவர்கள் எப்போதும் இதைத்தான் பிடிப்பார்கள். காட்டில் இருந்தேன் என்கிறார், ஊர் ஒன்றரை மைல், வாராவாரம் அம்மா வீட்டில் சாப்பாடு, இது என்ன துறவு என்று. எனக்கு அந்தக் கிண்டல் பிடிக்காது. அவர் துறவி என்று சொல்லிக்கொண்டதே இல்லை. வேறு வைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

கூட்டமாகப் போய் ஆசிரமம் போடுகிறவர்கள் கதை தனி. தோரோவின் கூட்டாளி ஆல்காட் 1843இல் ஃப்ரூட்லேண்ட்ஸ் என்று ஒரு பண்ணை தொடங்கினார். மாட்டை வேலை வாங்கக் கூடாது, பருத்தி அடிமை விளைவித்தது என்பதால் உடுத்தக் கூடாது என்று ஏகப்பட்ட விரதம். குளிர்காலம் வந்ததும் கலைந்துவிட்டது. எங்கள் பக்கத்திலும் ஒன்று உண்டு, அது இதைவிட எனக்கு நெருக்கம். சிராவயல். இன்றைக்கு மஞ்சுவிரட்டுக்குப் பேர்போன ஊர், தோப்பிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம். 1920களில் அங்கே காந்தி ஆசிரமம் நடத்தினார் ஒரு பையன். சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயரின் குருகுலத்தில் பிள்ளைகளுக்குச் சாதி பார்த்துப் பந்தி போட்ட சண்டையைப் பார்த்துவிட்டு வந்தவர். நூற்பு, கல்வி, சேரிப் பிள்ளைகளோடு ஒரே பந்தி. அந்தப் பையன்தான் பின்னாளில் பொதுவுடைமைத் தலைவரான ஜீவா. 1927இல் காந்தி செட்டிநாட்டுக்கு வந்தபோது சிராவயலுக்கு வந்து அவரைப் பார்த்தார். ஜீவாவுக்கு அப்போது இருபது வயது. உங்களுக்கு என்ன சொத்து இருக்கிறது என்று காந்தி கேட்டதையும், இந்த நாடுதான் என் சொத்து என்ற பொருளில் ஜீவா சொன்னதையும், இல்லை நீர்தான் நாட்டின் சொத்து என்று காந்தி திருப்பியதையும் இன்னும் இந்தப் பக்கத்து மேடைகளில் கேட்கலாம்.

அதே பயணத்தில் காந்தி இங்கே செட்டியார் வீடுகளைப் பார்த்துச் சொன்னதை யாரும் மேடையில் சொல்வதில்லை. வீடு முழுக்க மேசை நாற்காலியும் படமும் பொம்மையும் அடைத்துவைத்திருக்கிறீர்கள், மூச்சுவிட இடமில்லை, இந்த மாளிகைகளுக்குச் சாமான் போடும் காண்ட்ராக்டை என்னிடம் விட்டால் பத்தில் ஒரு பங்கு செலவில் இதைவிட வசதியாகவும் காற்றோட்டமாகவும் முடித்துத் தருவேன் என்றார். சாமான் பெருத்து மனிதன் சுருங்குவதைப் பற்றி வால்டன் குளக்கரையில் எழுதியதற்குச் செட்டிநாட்டுப் பதிப்பு இது. காந்திக்குத் தோரோ புதியவரும் இல்லை. அரசாங்கத்துக்கு ஒத்துழைக்காமல் இருப்பது பற்றிய தோரோவின் கட்டுரையைத் தென்னாப்பிரிக்காவில் இருந்தபோதே படித்து, 1907இல் தன் ‘இந்தியன் ஒப்பீனியன்’ பத்திரிகையில் அதைப் பற்றி எழுதியவர். காந்தி சொன்ன யோசனைக்கு எங்கள் ஆட்கள் கைதட்டியிருப்பார்கள். சாமானை மட்டும் குறைக்கவில்லை. அது தானாகக் குறைந்து முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு வந்தது பிறகு.

முழுசாக விட்டுப் போனவர் இல்லையா என்றால், பட்டினத்தார் இருக்கிறார். காவிரிப்பூம்பட்டினத்து வணிகர், நகரத்தார் தங்கள் முன்னோராகவே கொண்டாடுகிறவர். வளர்ப்பு மகன் ஒரு பேழையில் காதில்லாத ஊசியை வைத்துவிட்டுப் போக, அதைப் பார்த்த கணத்தில் கடலளவு சொத்தையும் விட்டுக் கிளம்பினார் என்பது கதை. கவனியுங்கள், அந்தப் பெருவணிகரை வீழ்த்தியது தத்துவப் புத்தகம் இல்லை. கையிருப்பில் ஒரு ஊசி, அதுவும் கூட வராது. ஐந்தொகையில் கடைசி வரி.

கோவிலூர் மடமும் அப்படித்தான். காரைக்குடிக்குப் பக்கத்திலேயே, கொற்றவாளீசர் கோயிலை ஒட்டி. வேதாந்தத்தைச் சமஸ்கிருதத்தில் மட்டும்தான் படிக்கலாம் என்று இல்லாமல், ‘கைவல்ய நவநீதம்’ போன்ற தமிழ் நூல்களை வரிசையாகப் பாடம் சொன்ன இடம். கடை, வட்டி, வீடு எல்லாவற்றையும் விட்டு அங்கே போய் உட்கார்ந்த செட்டியார்கள் உண்டு. எங்கே போனார்கள்? இமயமலைக்கா? பஸ் போகிற தூரம். இங்கே மலையும் இல்லை, பெரிய காடும் இல்லை. பிரான்மலையை விட்டால் கண்ணுக்கு எட்டினவரை செம்மண், முந்திரி, தைலமரம், சீமைக்கருவேல். ஆறு என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது.

இங்கேதான் என் பருப்பு வேகவில்லை. உவமை இல்லை, நிஜமாகவே வேகவில்லை. தோப்பில் நானூறு அடிக்குப் போர் போட்டேன், தண்ணீர் வந்தது, சொந்தத் தண்ணீர் என்று நெஞ்சு நிமிர்ந்தது. துவரம்பருப்பைப் போட்டேன். குக்கரில் ஒன்பது விசில். கல்லு மாதிரி இருந்தது. மறுநாள் ஊறவைத்துப் போட்டேன், அதே கதை. டீயில் ஆடை மாதிரி ஒன்று மிதந்தது. அவ்வளவு உப்பு. வேலிக்கு அந்தப் பக்கம் ஆடு மேய்க்கிற அம்மா பார்த்துச் சிரித்துவிட்டு, “ஊரணித் தண்ணி எடுங்கய்யா, போர்த் தண்ணில பருப்பு வேகாது” என்றார். மறுநாள் அவரே ஒரு குடம் கொண்டுவந்து வைத்தார். செம்மண் கலங்கின தண்ணீர். எனக்குக் குடிக்க மனசு வரவில்லை. முந்தியிலிருந்து தேத்தாங்கொட்டை ஒன்றை எடுத்து, என் மண்பானையின் உள்பக்கத்தில் வட்டவட்டமாக உரைத்தார். தண்ணீரை ஊற்றினார். மூடிவைத்துவிட்டுப் போய்விட்டார். சாயங்காலம் திறந்தால் கலங்கல் எல்லாம் அடியில் படிந்து, மேலே தண்ணீர் கண்ணாடி மாதிரி. பருப்பு மூன்றே விசிலில் மலர்ந்தது. அன்றிலிருந்து இரண்டு வருஷமாக என் குடிதண்ணீரும் சமையல் தண்ணீரும் ஊரணியிலிருந்துதான்.

வால்டன் குளம் தானாக உண்டானது. உறைபனிக் காலம் போகும்போது மண்ணுக்குள் சிக்கிய பனிப்பாளம் உருகி உண்டான பள்ளம். தோரோ நூல் விட்டு அளந்து 102 அடி ஆழம் என்று குறித்தார். குளிர்காலத்தில் அதன் மேல் உறைந்த பனிக்கட்டியை ஆட்கள் வந்து அறுத்து எடுத்ததையும், இந்தத் தண்ணீர் சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் போய்க் குடிப்பார்கள் போலும் என்று தான் நினைத்துக்கொண்டதையும் எழுதியிருக்கிறார். அதிகப்படிக் கற்பனை இல்லை, பாஸ்டன் பனிக்கட்டியை இறக்கி வைக்கச் சென்னைக் கடற்கரையில் 1842இல் கட்டிய ஐஸ் ஹவுஸ் இன்னும் நிற்கிறது. 1897இல் விவேகானந்தர் வந்து தங்கியதால் அவர் பெயரில். 

எங்கள் ஊரணி அப்படித் தானாக உண்டானது இல்லை. தோண்டினது. கரைக்குச் செம்பூரான் கல், இறங்கப் படி, மழைத்தண்ணி வர வரத்துக்கால், மிஞ்சினால் அடுத்த கண்மாய்க்குப் போகக் கலுங்கு. குளிக்க ஒரு ஊரணி, குடிக்க ஒரு ஊரணி. குடிக்கிற ஊரணியில் காலை நனைத்தால் கிழவிகள் கிழித்துவிடுவார்கள். யாரோ மேட்டில் வரத்துக்காலை அடைத்து பிளாட் போட்டால் பள்ளத்தில் தண்ணீர் வராது. ஆளில்லாத இயற்கை என்று ஒன்றைத் தேடி வந்தேன். இந்த மண்ணில் ஆள் பார்க்காமல் விட்டால் முளைப்பது கருவேல் மட்டும்தான். மீன்கொத்தி உட்கார்ந்திருக்கிற கரையைப் பார்த்து ஆகா என்று போட்டோ எடுப்பேன். அந்தக் கரையை யாரோ மண்வெட்டியால் இழுத்துக் கட்டியிருக்கிறார்கள்.

திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடிக்குப் போய்ப் பாருங்கள். 1977இலிருந்து பறவைகள் சரணாலயம். கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாயில் மழை முடிந்தால் நத்தைகுத்தி நாரை, அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், இராக்கொக்கு என்று மரம் தெரியாமல் உட்கார்ந்திருக்கும். அந்த ஊரில் தீபாவளிக்குப் பட்டாசு கிடையாது. பறவை மிரளும் என்று ஊரே விட்டுவிட்டது. வனத்துறைக்காரர்கள் தீபாவளிக்கு இனிப்பு கொண்டுவந்து கொடுப்பது வழக்கம். பிள்ளைகள் கையில் மத்தாப்பு இல்லாமல் நிற்கிற அந்தத் தெருவில் நின்றபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. இயற்கைக்காக நான் விட்டது சம்பளம், அது என் சௌகரியத்துக்கு. இவர்கள் எங்கும் போகவில்லை, ஊரிலேயே இருந்துகொண்டு விட்டிருக்கிறார்கள்.

ரசீதுக்காரர் வந்துபோன அன்று ராத்திரி தோரோவைத்தான் மறுபடி எடுத்தேன், அவரிடமிருந்து தப்பிக்க வழி இருக்கிறதா என்று. இருந்தது. 1846 ஜூலையில், குளக்கரையில் இருந்த காலத்திலேயே, செருப்பு தைக்கக் கொடுத்ததை வாங்க ஊருக்குள் வந்தவரைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். ஆறு வருஷமாகத் தலைவரி கட்டவில்லை. அடிமை முறையைக் காப்பாற்றுகிற, மெக்சிகோ மேல் படை அனுப்புகிற அரசாங்கத்துக்குத் தரமாட்டேன் என்றார். ஒரே ராத்திரி. யாரோ கட்டிவிட்டார்கள், வெளியே வந்து, செருப்பை வாங்கிக்கொண்டு பழம் பறிக்கப் போய்விட்டார். தலைவரிக்கே சிறைக்குப் போன குரு இருக்கும்போது சிஷ்யன் ஏன் தலைக்கட்டு வரி கட்ட வேண்டும்?

இரண்டு பக்கம் தள்ளிப் படித்தபோது மாட்டிக்கொண்டேன். ரோட்டு வரியை மட்டும் தான் எப்போதும் மறுத்ததில்லை என்கிறார் மனிதர். கெட்ட குடிமகனாக இருக்க எவ்வளவு ஆசையோ அவ்வளவு ஆசை நல்ல அண்டைவீட்டானாக இருக்கவும் உண்டாம்.

அடுப்பில் பருப்பு இறங்கியிருந்தது. மூன்று விசில்.

காலையில் நானே நடந்துபோனேன். ஊரணிக் கரையில் ஏற்கெனவே வேலை தொடங்கிவிட்டது. நாலைந்து பெண்கள் தலையில் சும்மாடு கட்டி மண் தட்டு மாற்றிக்கொண்டிருந்தார்கள், ஆடு மேய்க்கிற அம்மாவும் இருந்தார். ரசீதுக்காரர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தார். தலைக்கட்டு என்றேன். சிரிக்கவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை. “அப்ப போன வருச பாக்கியும் இருக்கே. அம்மன் கோயில் வரி, முன்னூறு” என்றார். எண்ணூறு கொடுத்தேன். பெயர் கேட்காமலே எழுதிக் கிழித்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் என் பெயரும் இல்லை, இனிஷியலும் இல்லை. ‘தோப்புக்காரர், தலைக்கட்டு 1’ என்று இருந்தது. கதவுக்கு உள்பக்கம், கரிக்கோடுகளுக்குப் பக்கத்தில் ஒரு ஆணி இருந்தது. அதில் குத்திவைத்திருக்கிறேன்.